கல்லைத் தூளாக்கும் கண்ணாடி இழை

(செங்காங்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் பதிவான தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஒளியிழைப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



முதலில் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் சிறுநீரகக் கல்லுக்காக வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறீர்கள்? வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள். சரி, பாதிப்பேருக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். நானும் குடித்தவன்தான். இங்கே செங்காங்கில் வடகிழக்கு ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா சந்தையில் வாழைத்தண்டு வாங்கி வந்து, எட்டு மாதம் விடாமல் குடித்தேன். நான் லேசர் துறையில் வேலை செய்பவன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. என் வலது சிறுநீரகத்தில் 9 மில்லிமீட்டர் கல் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, எனக்குத் தெரிந்த அறிவியலெல்லாம் ஓடிப்போய்விட்டது. நினைவில் நின்றது என் அப்பாவின் தழும்பு ஒன்றுதான்.

1978ல் தஞ்சாவூரில் அப்பாவுக்குக் கல் எடுத்தார்கள். விலாவின் பின்புறம் தொடங்கி வயிற்றின் முன்புறம் வரை கிழித்துத் தைத்த தழும்பு அது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் வேலை பார்த்தவர், அதற்குப் பிறகு ஒரு மூட்டையும் தூக்கவில்லை. சம்பளம் பாதியாகக் குறைந்து கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். எடுத்த கல்லை ஒரு சின்னப் பித்தளை டப்பாவில் போட்டு அம்மா இன்னும் வைத்திருக்கிறார். கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். அந்தத் தழும்பைப் பார்த்து வளர்ந்தவனிடம் 'அறுவை' என்ற சொல்லைச் சொன்னால், அவன் வாழைத்தண்டைத் தேடித்தான் ஓடுவான்.

இந்தப் பயத்தோடுதான் நான் இழை லேசர் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இழை லேசர் என்றால் என்ன? உங்கள் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடி இழையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவிலுள்ள கண்ணாடியில், அரிய மண் தனிமம் ஒன்றை மிகச் சிறிதளவு கலந்து இழுத்தால் அந்த இழை வெறும் பாதையாக இராது, தானே ஒளியைப் பெருக்கிக் கொடுக்கும் விளக்காகிவிடும். ஒரு முனையில் சாதாரண டயோடு ஒளியைச் செலுத்தினால், மறுமுனையில் லேசர் வரும். கண்ணாடிகளைத் துல்லியமாக எதிரெதிரே நிறுத்தும் வேலை இல்லை. விளக்குக் குழாய் இல்லை. இழையைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1960ல் மைமன் முதல் லேசரை எரியவிட்டார். அடுத்த ஆண்டே, 1961ல், அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தில் எலியாஸ் ஸ்னிட்ஸர் என்பவர் கண்ணாடி இழையில் லேசரை உண்டாக்கிக் காட்டினார். அந்த நிறுவனத்தின் முக்கிய வியாபாரம் என்ன தெரியுமா? மூக்குக் கண்ணாடி! ஆனால் ஸ்னிட்ஸரின் இழை ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் யாரும் சீண்டாத குழந்தையாகவே கிடந்தது. இழைக்குள் ஒளியைச் செலுத்தத் தகுந்த டயோடுகள் அப்போது இல்லை.

அதை எழுப்பியது மருத்துவம் அல்ல, தொலைபேசி. 1987ல் பிரிட்டனின் சவுத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயின் குழுவினர் எர்பியம் கலந்த இழையைக் கொண்டு ஒளிக்குறிப்புகளைப் பெருக்கிக் காட்டினார்கள். கடலடிக் கம்பிவடங்கள் இன்று இத்தனை தகவலைச் சுமப்பது அதனால்தான். நான் சிங்கப்பூருக்கு வந்ததே அந்த வேலைக்குத்தான். 2001ல் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது எங்கள் வேலையெல்லாம் ஆட்டம் கண்டது. ஆனால் ஒரு நல்லது நடந்தது. மலிவாகிவிட்ட டயோடுகளும், வேலை தேடிய இழைப் பொறியாளர்களும் சேர்ந்து, தொலைபேசிக்குச் செய்ததை உலோகம் வெட்டச் செய்தார்கள். நானும் துவாஸ் பக்கம் எஃகுத் தகடு வெட்டும் இழை லேசர்களைப் பழுதுபார்க்கப் போனேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கவனமாகக் கேளுங்கள்.

எஃகு வெட்டும் அந்த லேசரில் இருப்பது இட்டர்பியம். சில கிலோவாட் சக்தி. விரல் கனத் தகட்டை வெண்ணெய் போல் வெட்டும். என் கல்லைப் பற்றித் தெரிந்ததும் ஒரு நண்பர் கேலியாகக் கேட்டார், "உன் கையில்தான் இவ்வளவு பெரிய லேசர் இருக்கிறதே, அதையே உள்ளே விட்டு உடைத்துக்கொள்ளக்கூடாதா?" கேலி என்றாலும் நல்ல கேள்வி. அந்த லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 1,070 நானோமீட்டர். தண்ணீர் அந்த ஒளியை அநேகமாகக் கண்டுகொள்ளவே கொள்ளாது, உள்ளே விட்டுவிடும். சிறுநீரகத்துக்குள் அதைச் செலுத்தினால், கல்லைத் தாண்டிப் பின்னாலுள்ள சதைக்குள் ஆழமாகப் புகுந்துவிடும். அத்தனை பலமும் அங்கே வெறும் ஆபத்து.

மருத்துவ லேசருக்கு வேண்டியது வேறு. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். சிறுநீரகக் கல்லின் நுண்ணிய துளைகளுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் ஆவலோடு விழுங்கும் ஒளி ஒன்று கிடைத்தால், அந்தத் துளைகளிலுள்ள நீர் சட்டென்று ஆவியாகி வெடிக்கும். கல் உள்ளிருந்தே உதிரும். அப்படித் தண்ணீர் விரும்பி விழுங்கும் இடம் ஒன்று 1,940 நானோமீட்டர் அருகே இருக்கிறது. தூலியம் என்ற தனிமத்தைக் கலந்த இழை, அதே இடத்தில் ஒளி தருகிறது.

தூலியம் வருவதற்கு முன்பு, 1990களிலிருந்து கல் உடைப்பதில் கொடிகட்டிப் பறந்தது ஹோல்மியம் லேசர். அது இழை அல்ல, படிகக் கம்பி. அதன் அலைநீளம் சுமார் 2,100 நானோமீட்டர். தண்ணீர் அதையும் விழுங்கும், ஆனால் தூலியம் ஒளியை விழுங்குவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். தூலியம் ஒளி தண்ணீரில் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே பெரும்பகுதி அடங்கிவிடும். ஹோல்மியம் ஒளிக்கு அதற்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு வேடிக்கை என்னவென்றால், 1879ல் சுவீடனைச் சேர்ந்த கிளீவ் என்ற வேதியியல் அறிஞர், ஒரே மண்ணிலிருந்துதான் இந்த இரண்டு தனிமங்களையும் பிரித்தெடுத்தார். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி, இன்று நம் சிறுநீரகத்துக்குள் பங்காளிச் சண்டை போடுகிறார்கள்.

தூலியத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குள் சுமார் 790 நானோமீட்டர் டயோடு ஒளியைச் செலுத்தினால், ஒரு தூலியம் அணு தான் பெற்ற ஆற்றலில் பாதியைப் பக்கத்து அணுவுக்குக் கொடுத்துவிடும். ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்பதுபோல, ஒரு ஒளித்துகள் உள்ளே போய் இரண்டு வெளியே வரும். அதனால் மின்சாரம் வீணாவது குறைவு. ஹோல்மியம் பெட்டிக்குத் தனி மின்இணைப்பும், தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்கும் ஏற்பாடும் வேண்டும். தூலியம் பெட்டிக்குச் சுவரிலுள்ள சாதாரண மின்செருகியும் ஒரு விசிறியும் போதும்.

2005ல் அமெரிக்காவில் நத்தானியேல் ஃப்ரீட் என்பவர், தூலியம் இழை லேசரால் சிறுநீரகக் கல்லை உடைக்க முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டினார். நோயாளியின் உடம்பில் அல்ல, மேசைமேல். மருத்துவத்துக்கென்றே வடிவமைத்த கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது 2019ல். ரஷ்யாவில் அதற்குச் சற்று முன்பே நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒலிம்பஸ் நிறுவனம் 2020ல் அதைப் பரவலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசையிலிருந்து படுக்கைக்கு வர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்!

ஏன் இத்தனை காலம்? எஃகு வெட்டும் லேசருக்கு இடைவிடாத ஒளி போதும். கல்லுக்கு அது ஆகாது, சூடு பரவிச் சதை வெந்துவிடும். ஒளியைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் போதிய ஆற்றலை வைக்க வேண்டும். அப்படி வந்த கருவியின் உச்ச சக்தி 500 வாட். ஹோல்மியத்தின் ஒரு துடிப்பு கிலோவாட் கணக்கில் பாயும். அதாவது புதியது பழையதைவிடப் பலம் குறைந்தது! ஹோல்மியம் சுத்தியலால் அடிப்பது போல. கல் உடையும், ஆனால் அடிபட்ட கல் பின்னால் துள்ளி ஓடும். டாக்டர் அதைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். தூலியம் அரம் கொண்டு ராவுவது போல. நொடிக்கு 2,000 முறைக்கு மேலும் துடிக்கும். கல் இருந்த இடத்திலேயே தூளாகி, கழுவும் நீரோடு வெளியேறிவிடும்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இழை லேசர் சிறுநீரகத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2004 வாக்கில், முகத்துக்கு வந்துவிட்டது. எர்பியம் இழை லேசரால் பருத் தழும்பையும் சுருக்கத்தையும் சரிசெய்யும் கருவி அழகு நிலையங்களில் புகழ்பெற்றது. முகத்துக்குக் காசு கொடுக்க ஆள் உண்டு. கல்லுக்கு வலி வந்தால்தான் ஆள் வருவார்கள். வியாபாரம் அப்படித்தான் ஓடுகிறது, நான் என்ன சொல்ல?

அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மருத்துவ லேசரின் உயிர் என்று முன்பே காட்டியவர் ஒரு தமிழர் என்பதைச் சொல்ல எனக்குப் பெருமை. சென்னையில் 1929ல் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981 நவம்பரில், நன்றி செலுத்தும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய், 193 நானோமீட்டர் புற ஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். சுற்றிலும் கருகாமல், வெட்டிய இடம் மட்டும் சுத்தமாக வந்தது. கண்ணாடி போடுவதைத் தவிர்க்க இன்று லட்சக்கணக்கானோர் செய்துகொள்ளும் லேசிக் சிகிச்சைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அவருக்கும் உடன் உழைத்த இருவருக்கும் 2013ல் அதிபர் ஒபாமா தேசிய விருது வழங்கினார். அது இழை லேசர் அல்ல, வாயு லேசர். ஆனால் பாடம் ஒன்றுதான். கண்ணுக்கு 193, கல்லுக்கு 1,940.

சரி, புதியது உண்மையிலேயே மேலானதா? நார்வேயில் பெர்கன் நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் 120 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. தூலியம் பயன்படுத்தியவர்களில் 92 விழுக்காட்டினருக்குக் கல் முழுமையாக நீங்கியது. ஹோல்மியத்தில் 67 விழுக்காடு. சிறுநீரகத்துக்குள்ளேயே இருந்த கற்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது: 86க்கு 49. சிறுநீர்க்குழாயில் இருந்த கற்களுக்கோ இரண்டும் சமம், நூற்றுக்கு நூறு. இதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, என் துறை வென்றுவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து இன்னொரு ஆய்வு. துடிப்பை மாற்றியமைத்த புதுவகை ஹோல்மியத்தோடு ஒப்பிட்டபோது, சிகிச்சைக்கு ஆன நேரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. நார்வேயில் பயன்பட்டது அந்தப் புதுவகை அல்ல. ஆகவே "அங்கே தூலியம் இருக்கிறதா?" என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலையாதீர்கள். கருவியைப் பிடிக்கும் கை எத்தனை கல் பார்த்திருக்கிறது என்று கேளுங்கள்.

ஏனென்றால் இந்த ஒளிக்கு ஓர் ஆபத்து உண்டு, சூடு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிறுநீரகத்தின் நடுவே 10 மில்லிலிட்டர் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வையுங்கள், இரண்டு தேக்கரண்டி. அதில் 20 வாட் லேசரை அரை நிமிடம் விட்டால், நீரோட்டம் இல்லாதபோது, 37 டிகிரியில் இருந்த நீர் 51 டிகிரியைத் தொடும். இது காகிதக் கணக்கு; உடம்பில் ரத்த ஓட்டம் கொஞ்சம் சூட்டை எடுத்துப் போகும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். 43 டிகிரியைத் திசு 120 நிமிடம் தாங்கும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 50 டிகிரியில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

அதனால் கழுவும் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் வேகமாகத் தள்ளிவிட முடியாது. உள்ளே அழுத்தம் கூடினால் கிருமிகள் ரத்தத்துக்குள் ஏறிவிடும். டாக்டர் உள்ளே விடும் கேமராக் குழாயில் இழைக்கும் நீருக்கும் சேர்த்து இருப்பது ஒரே வழி, அகலம் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். ஹோல்மியத்துக்கு உள்ளகம் 200 மைக்ரான் உள்ள இழையாவது வேண்டும். தூலியம் 150 மைக்ரானிலும் போகும். தலைமுடி இரண்டைச் சேர்த்து வைத்த தடிமன். இழை மெலிந்தால் நீர் போக இடம் கூடும், குழாயும் நன்றாக வளையும். என் கல் சிறுநீரகத்தின் அடி மூலையில் பதுங்கியிருந்தது. அங்கே போக வளைவு வேண்டும். கேட்பதற்கு 50 மைக்ரான் வித்தியாசம் அற்பம். உள்ளே படுத்திருப்பவனுக்கு அது அற்பம் அல்ல.

இங்கே நம் ஊர் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2014ல் அதே சவுத்ஹாம்ப்டனோடு சேர்ந்து ஒளியியல் கழகம் ஒன்றைத் தொடங்கியது. சிறப்பு இழைகளை இழுக்கும் வசதி அங்கே உண்டு. கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிலையமும் அரிய மண் கலந்த இழைகளைச் செய்துவருகிறது. சென்னை ஐஐடியில் இழை லேசர் ஆய்வு நடக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் சொல்கிறேன், இழை இழுப்பவரும் அறுவை செய்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காப்பி குடிப்பது அபூர்வம். டாக்டருக்கு எங்கே கை தடுமாறுகிறது என்று பொறியாளருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததே நான் நோயாளியாகப் படுத்த பிறகுதான். செங்காங்கில் 2018லிருந்து ஒரு பொது மருத்துவமனை இருக்கிறது. ஜூரோங்கின் மேற்குக் கோடியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. தீவின் இரு முனைகள் என்றாலும், அப்படி ஒன்றும் தொலைவில்லை.

வெயிலில் நின்று வேலை செய்யும் நம் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கட்டுமானத் தளத்தில் கழிவறை தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்கள். கல்லுக்கு அதைவிட நல்ல விதை கிடையாது. வலி வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று மாத்திரை போட்டு மறைக்கிறீர்கள். வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. குழாயை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும் கல், ஓசையில்லாமல் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். 2023 ஜூலை முதல் அதன் அளவு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அன்றே வீடு திரும்பும் அறுவைக்கும் அது பொருந்தும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேளுங்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, நிகழ்ச்சி தொடங்குமுன் என்னிடம், "லேசர் உள்ளே போனால் புற்றுநோய் வருமா தம்பி?" என்று கேட்டார். வராது அக்கா. இது எக்ஸ்ரே போன்ற கதிர் அல்ல. அடுப்பு அனலின் இனத்தைச் சேர்ந்தது. சுடும், அவ்வளவுதான். வாழைத்தண்டைப் பற்றியும் கேட்டார். பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல நார்ச்சத்து. சாறாகக் குடித்தால் அதிலுள்ள தண்ணீர் நல்லது செய்யும். அதைத் தவிர, என் 9 மில்லிமீட்டர் எட்டு மாதத்தில் 11 ஆனது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

2022ல் எனக்குத் தூலியத்தால் சிகிச்சை நடந்தது. காலையில் மயக்க மருந்து, மாலையில் வீடு. உள்ளே வைத்த ஸ்டென்ட் குழாய் ஒரு வாரம் படுத்திய பாடு இருக்கிறதே, அதை மட்டும் எந்த லேசராலும் இன்னும் தீர்க்க முடியவில்லை. மற்றபடி உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "கல்லை வாங்கிக்கிட்டியா?" என்பது. தூளாகத் தண்ணீரோடு போய்விட்டது, பரிசோதனைக்கு ஒரு சிட்டிகை எடுத்து வைத்திருக்கிறார்கள் அம்மா என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார், "உங்க அப்பாவுக்குக் கையில எடுத்துக் காட்டினாங்க. உன்னை நல்லா ஏமாத்திட்டாங்கடா."